நடந்தது வேறு, கதை வேறு

(திருகோணமலையில், புதிதாகக் கதை எழுத வரும் இளையோருக்கான பட்டறை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



“கதை எழுதுவது எப்படி?” என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்களில் ஒரு சாரார், எழுத்து பிறவியிலேயே வரவேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்பார்கள். அப்படியானால் எதற்காக ஒரு மணி நேரம் பேசுகிறார்கள் என்பது விளங்காது. இன்னொரு சாரார் தொடக்கம், உச்சம், முடிவு என்று கரும்பலகையில் கோடு கீறுவார்கள். நான் இரண்டு பக்கமும் போகவில்லை. இந்தத் துறைமுகத்தைச் சுற்றிக் கதைகள் எப்படி உண்டாகியிருக்கின்றன என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு, நாளை காலையே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சில வேலைகளையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். நீங்கள் கதைக்குப் புதிய ஊரிலிருந்து வரவில்லை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல்களைப் பட்டியல் போடும்போது, சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இல் வந்தது என்பார்கள். அடுத்த பெயர் ‘ஊசோன் பாலந்தை கதை’. அதை 1891 இல் தந்த இன்னாசித்தம்பி திருகோணமலைக்காரர். ஐரோப்பாவில் வழங்கிய ஒரு பழைய வீரக்கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்கு நான்கு வருடம் கழித்து, 1895 இல், ‘மோகனாங்கி’ வெளிவந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் அந்த நூலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இந்த ஊர்தான். சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். தன் கைக்கு எட்டிய ஏடுகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் தஞ்சை, மதுரை நாயக்கர் காலத்தை எடுத்துக் கதையாக்கினார். ஒருவர் வெளியிலிருந்து வந்த கதையை எடுத்தார், மற்றவர் வரலாற்றை எடுத்தார். இரண்டு பேருமே கண்ணை மூடிக்கொண்டு கற்பனையை அழைக்கவில்லை. கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள்.

கையில் உள்ள பொருளைக் கதையாக்க என்ன செய்ய வேண்டும்? அதற்கான விடை ஒன்று நம்முடைய ஊர் மயானத்திலேயே கிடக்கிறது.

திருகோணமலையில் இருக்கும் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் சார்ள்ஸ் ஒஸ்ரின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை உண்டு. 1852 ஒக்ரோபரில் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் ஒரே தம்பி. இளம் அதிகாரியாக இருந்தபோது, 1801 இல், பகைக் கப்பலைப் பிடித்ததற்குப் பங்குப் பணமாக இவருக்கு 30 பவுண் கிடைத்தது. அந்தக் காசில் தன் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவைகளும் அவற்றைக் கோக்கத் தங்கச் சங்கிலிகளும் வாங்கினார். தம்பி வீண் செலவு செய்கிறான் என்று ஜேன் ஒரு கடிதத்தில் செல்லமாகக் கோபித்துக்கொள்கிறார். நடந்தது இவ்வளவுதான். நல்ல தம்பி, நல்ல பரிசு, அக்காமாருக்குச் சந்தோஷம். இதில் கதை இல்லை.

பதின்மூன்று வருடம் கழித்து, 1814 இல், ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவல் வருகிறது. அதில் ஃபானி என்ற ஏழைப் பெண்ணுக்குக் கடற்படையில் இருக்கும் அண்ணன் ஒரு சிலுவை கொண்டுவந்து கொடுக்கிறான். புஷ்பராகம் அம்பராகிவிட்டது. இரண்டு சகோதரிகள் ஒருத்தியாகிவிட்டார்கள். தம்பி அண்ணனாகிவிட்டான். இந்த மாற்றங்களெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை வேறு. ஜேன் அந்தச் சங்கிலியை எடுத்துவிட்டார். அண்ணனிடம் சங்கிலி வாங்கக் காசில்லை. நடன விருந்துக்கு நாள் குறித்தாயிற்று. சிலுவை இருக்கிறது, கோத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவளுக்குப் பிடிக்காத ஒருவனுடைய சங்கிலி, அவன் தங்கை மூலமாக வந்து சேருகிறது. அவள் மனத்துக்குள் விரும்புகிறவனும் ஒரு சங்கிலி கொண்டுவருகிறான். எதைப் போடுவது? முதலாவது சங்கிலி தடிப்பு, சிலுவையின் வளையத்துக்குள் நுழையவில்லை. இரண்டாவது நுழைகிறது. இரண்டு ஆண்கள், ஒரு பெண், அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாத மனம், எல்லாம் அந்தச் சிறு வளையத்துக்குள் வந்துவிட்டன.

உண்மையில் சங்கிலியும் வந்தது, அதனால் கதை வரவில்லை. நாவலில் சங்கிலி வரவில்லை, அதனால் கதை வந்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: நடந்ததை உன்னிப்பாகப் பாருங்கள், அப்படியே எழுதி வையுங்கள், பிறகு அதிலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள். புதிய எழுத்தாளர்கள் கதை வலுக்கவில்லை என்றால் உடனே எதையாவது சேர்க்கிறார்கள். ஒரு விபத்து, ஒரு புற்றுநோய், ஒரு தற்கொலை. சேர்ப்பதற்கு முன் கழித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன உதாரணத்தில் இதைச் செய்து பார்ப்போம். மீன் சந்தையில் ஒரு பெண் பாரை நிறுத்துக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தராசுத் தட்டில் ஓர் ஐஸ் துண்டு கிடக்கிறது, அதைத் தள்ளாமலே நிறுக்கிறாள். வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர். அவர் ஐஸைப் பார்க்கிறார், ஒன்றும் பேசாமல் முழுக்காசையும் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு நீங்கள் விசாரித்தால், “அவள் என்னட்டப் படிச்ச பிள்ளை. கணக்கில கெட்டிக்காரி. ஓ.எல். எடுக்க முதலே கலியாணம் கட்டிக் குடுத்திட்டினம்” என்று ரீச்சர் காரணம் சொல்கிறார். இதுதான் நடந்தது. புதியவர் கதை எழுதினால் அந்தக் காரணத்தைக் கடைசிப் பந்தியில் வைத்து, ரீச்சரின் பெருந்தன்மையைப் புகழ்ந்து முடிப்பார். படித்தவர் “நல்ல ரீச்சர்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்.

இப்போது அந்தக் காரணத்தை எடுத்துவிடுங்கள். ரீச்சர் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. ஐஸ் துண்டை அவர் பார்த்தது மீன்காரிக்குத் தெரியும், அவ்வளவுதான். அடுத்த கிழமை ரீச்சர் வரும்போது மீன்காரி தட்டைச் சேலைத் தலைப்பால் இரண்டு தரம் துடைக்கிறாள். நிறுக்கிறாள். கணக்கை வாயால் சொல்கிறாள், கல்குலேட்டரைத் தொடவில்லை. ரீச்சர் ஒரு சதம் பிசகாமல் எண்ணிக் கொடுக்கிறார். பழைய வகுப்பறை அந்தச் சந்தைக்குள் வந்துவிட்டது. அதை நீங்கள் சொல்லவில்லை, வாசகர் கண்டுபிடித்துக்கொள்கிறார். வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றை விட்டுவைப்பதுதான் கதைக்காரரின் மரியாதை.

இப்படிக் கழிப்பதற்கு முதலில் கையில் சரக்கு வேண்டும். ஆகவே முதல் பழக்கம், குறிப்புப் புத்தகம்.

கொட்டியாரக் குடாவின் கரையில், 1660 இல், ரொபேட் நொக்ஸ் என்ற இளைஞனும் அவனுடைய தந்தையும் கப்பல் மாலுமிகளும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் பிடிபட்டார்கள் என்பது வழக்கு. நொக்ஸ் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கிடந்தான். தொப்பி பின்னி விற்றுச் சீவித்தான். அப்படிப் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்துத்தான் ஓர் ஆங்கில வேதாகமத்தை வாங்கினான். 1679 இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். ஊர் திரும்பும் கப்பலிலேயே எழுத உட்கார்ந்தான். நெல் எப்படி விதைத்தார்கள், வீடு எப்படிக் கட்டினார்கள், யானையை எப்படிப் பிடித்தார்கள், எதை உண்டார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. 1681 இல் அது புத்தகமாக வந்தது. வந்த பிறகும் அவன் விடவில்லை. தன் சொந்தப் பிரதியில் வெற்றுத் தாள்களைச் சேர்த்து, வயது போகும் வரை எழுதிக்கொண்டே இருந்தான். டானியல் டிஃபோ ‘ரொபின்சன் குரூசோ’வை 1719 இல் எழுதியபோது நொக்ஸின் புத்தகமும் அவருடைய மனத்தில் இருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அடுத்த வருடம் அவர் எழுதிய ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதை நேரடியாகவே வருகிறது. மூதூர்க் கரையில் பிடிபட்ட ஒருவனின் குறிப்புகள் உலக நாவலின் தொடக்க காலத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நொக்ஸின் குறிப்பில் நாம் கற்க வேண்டியது, அவன் தன் துக்கத்தை விடத் தன் கண்ணில் பட்ட பொருட்களை அதிகம் எழுதினான் என்பது. நம் பிள்ளைகளின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தால் “இன்று மனம் சரியில்லை” என்று இருக்கும். மனம் சரியில்லாத அன்றைக்கு நீங்கள் எந்தக் கடையில் என்ன குடித்தீர்கள், கோப்பையில் எந்தப் பக்கம் உடைந்திருந்தது, பக்கத்து மேசைக்காரர் ஃபோனில் யாருக்கு என்ன பொய் சொன்னார்? அதை எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அந்த உடைந்த கோப்பை உங்கள் மனத்தைத் திரும்பக் கொண்டுவரும். “மனம் சரியில்லை” என்ற வரி ஒன்றையும் கொண்டுவராது.

சட்டைப் பைக்குள் அடங்குகிற புத்தகமாக வாங்குங்கள். ஃபோனிலும் எழுதலாம், ஆனால் ஃபோனைத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுவீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். பேச்சைக் கேட்ட மாதிரியே எழுதுங்கள், திருத்தி எழுத வேண்டாம். அன்றன்று எழுதுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் உங்களுடைய மொழி அவருடைய மொழிக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது பழக்கம், நேரம். இந்த மாவட்டத்தின் பெரிய கதைக்காரரான வ. அ. இராசரத்தினம் மூதூரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ‘சுடர்விளக்கு’, ‘பூஜைக்கு வந்த மலர்’, ‘உறவுக்கப்பால்’ ஆகிய நாவல்களை எழுதிய ந. பாலேஸ்வரியும் ஆசிரியை. கொப்பி திருத்தி, வீட்டு வேலை பார்த்து, மீந்த நேரத்தில்தான் எழுதினார்கள். “வேலை கிடைத்த பிறகு எழுதுவேன், பிள்ளைகள் வளர்ந்த பிறகு எழுதுவேன்” என்று சொல்கிறவர்கள் எழுதி நான் கண்டதில்லை. நாளுக்கு அரைமணி நேரம் போதும். ஒரே நேரம், ஒரே இடம். ஒரு கைப்பக்கம் எழுதினால் அன்றைய வேலை முடிந்தது. நன்றாக வந்ததா என்று அன்றைக்குப் பார்க்கக் கூடாது. ஹெமிங்வே, அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டு எழும்பினால், மறுநாள் வெறுந்தாளுக்கு முன்னால் குந்தியிருக்க வேண்டியதுதான். இதை நீங்கள் நாளைக்கே பரீட்சித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, வாசிப்பு. வாசகராக வாசிப்பது ஒன்று, எழுதப் போகிறவராக வாசிப்பது இன்னொன்று. வள்ளத்து எஞ்சினை மெக்கானிக் கழற்றிப் பார்ப்பது போலக் கதையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். புதுமைப்பித்தனோ கு. அழகிரிசாமியோ செக்கோவோ, பிடித்த ஒரு சிறுகதையை எடுத்து முழுவதையும் கையால் எழுதுங்கள். எங்கே பந்தி உடைகிறது, எவ்வளவு தூரம் பேச்சு வருகிறது, எங்கே காலம் தாவுகிறது என்பது கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது. வ. அ. வின் ‘தோணி’யையும் அப்படி எழுதிப் பாருங்கள். சொந்தத் தோணிக்கு ஏங்கும் கடற்கரைப் பிள்ளையின் கதை அது. அந்தப் பெயரிலேயே வந்த தொகுதிக்கு 1962 இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. முதலாளி, தொழிலாளி, சுரண்டல் என்று அன்றைக்கு எல்லோரும் கட்டுரையில் எழுதிக்கொண்டிருந்ததை, அவர் ஒரு பிள்ளையின் ஆசைக்குள் வைத்தார். புத்தகம் கிடைப்பதில்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல வேண்டாம். ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

சரி, பழக்கங்கள் இவை. இனிக் கைவேலைக்கு வருவோம்.

கதையை யாருடைய கண்ணால் சொல்வது என்பதை முதலில் தீர்மானியுங்கள். கரைவலை இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து, அம்பா பாடி, மடியைக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். வலைச் சொந்தக்காரர் மடியின் பாரத்தைப் பார்க்கிறார், கடன் நினைவு வருகிறது. கயிறு இழுப்பவருக்கு உள்ளங்கை எரிகிறது, பங்கு எவ்வளவு என்ற கணக்கு ஓடுகிறது. கருவாடு போடுகிற பெண் கீரியா சூடையா நெத்தலியா என்று பார்க்கிறாள், அன்றைய வெயிலையும் பார்க்கிறாள். பள்ளிக்குப் போகாமல் வந்து நிற்கும் சிறுவன், மடியிலிருந்து துள்ளி விழும் ஒரு மீனை மட்டும் பார்க்கிறான். ஒரே மடி, நான்கு கதை. ஒவ்வொன்றையும் அரைப்பக்கம் எழுதுங்கள். எது உங்களை முழுப்பக்கத்துக்கு இழுக்கிறதோ அதுதான் உங்கள் கதை. ஒரு சிறுகதைக்குள் நான்கு பேரின் மனத்துக்குள்ளும் புகுந்து வெளிவராதீர்கள், வாசகருக்குத் தலை சுற்றும்.

யாருடைய கண் என்று தீர்மானித்த பிறகு, அவருடைய தொழில் அந்தக் கண்ணில் தெரிய வேண்டும். கிண்ணியாவுக்குப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிக் கடந்த காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். 2009 இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது, பாதை நின்றது. பாதையில் வேலை செய்த ஒருவரைப் பற்றிக் கதை எழுதுகிறோம் என்று கொள்ளுங்கள். முதல் பிரதி பெரும்பாலும் இப்படி வரும்:

“பாலம் வந்ததால் காசிம் காக்காவின் வாழ்க்கை இருண்டு போனது. இனி என்ன செய்வேன் என்று அவர் உள்ளம் ஏங்கியது. கண்கள் குளமாயின.”

இதில் காசிம் காக்காவும் இல்லை, கிண்ணியாவும் இல்லை. எந்த ஊரின் எந்தத் தொழிலாளிக்கும் இந்த மூன்று வரியையும் போட்டுவிடலாம். இதையே இப்படி எழுதிப் பார்ப்போம்:

“காசிம் காக்கா பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தார். தூணில் பாசி நேற்றையைவிட ஒரு சாண் கூட நனைந்திருந்தது. காட்டுப் பக்கம் மழைபோல. இன்றைக்கு மேலால் வளைத்துத்தான் பாதையைக் கொண்டுபோக வேணும் என்று கணக்குப் போட்டார். பின்னால் வந்த ஓட்டோ விடாமல் ஹோன் அடித்தது.”

அழுகை இல்லை. ஏக்கம் என்ற சொல் இல்லை. ஆனாலும் இந்த மனிதருக்கு என்ன போயிற்று என்பது தெரிகிறது, ஏனென்றால் அவருடைய கண் இன்னும் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கண்கள் குளமாவது, நெஞ்சில் இடி விழுவது, இதயம் சுக்குநூறாவது, இப்படிப்பட்ட சொற்கள் உங்கள் கதையில் வந்தால் கீழே கோடு போடுங்கள். நீங்கள் பார்ப்பதை நிறுத்திய இடங்கள் அவை.

அடுத்தது பேச்சு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் மக்கள் பேச்சைக் கதையில் எழுதியபோது, பண்டிதர்கள் சிலர் அதை இழிசனர் வழக்கு என்று ஏசினார்கள். பெரிய வாதம் நடந்தது. எழுத்தாளர்கள் வென்றார்கள். ஆனால் வென்று கிடைத்ததை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா? திருக்கடலூர் மீனவர், கிண்ணியா வாப்பா, சம்பூர் விவசாயி, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கச்சேரி உத்தியோகத்தர், நான்கு பேரும் நம் கதைகளில் ஒரே மாதிரிக் கதைக்கிறார்கள். இது ஒரு குறை. எல்லாச் சொல்லையும் கொச்சையாக எழுதி, வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி செய்வது இன்னொரு குறை. ஒருவரின் பேச்சுக்கு அடையாளமான இரண்டு மூன்று சொல்லும், அவர் வசனத்தை முடிக்கும் விதமும் போதும். சோதனைச் சாவடியில் சிங்களமும் வரும், கடையில் மூன்று மொழியும் கலந்து வரும். அதை மறைக்காதீர்கள், இந்த ஊரின் காது அப்படித்தான் கேட்கிறது. எழுதி முடித்ததும் பேச்சுப் பகுதியை மட்டும் உரக்க வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் அந்த ஆள் பேசவில்லை, நீங்கள் பேசுகிறீர்கள்.

தகவல் பிழையைப் பற்றி ஒரு வார்த்தை. கோணேசர் கோயில் மலையில் காதலர்கள் கடலுக்குள் சூரியன் மறைவதைப் பார்த்ததாக எழுதக் கூடாது. நம் ஊரில் சூரியன் வங்கக் கடலில் உதித்து, உட்துறைமுகத்துக்கு அப்பால், சீனன்குடாப் பக்கத்துத் தரைமேல் மறைகிறது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே பிறநாட்டு நாவலில் படித்தபடி கடல் அரை மைல் பின்வாங்கி, வள்ளங்கள் சேற்றில் கிடக்காது. மாரியில் வாடைக்காற்று எழும்பினால் கடல் குழம்பும், கரைவலைக்காரருக்கு வேலை இராது. மார்கழியில் உங்கள் கதாநாயகன் நிலாவெளியில் நிம்மதியாக வலை இழுத்தால், குச்சவெளி வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். பெரிய விடயத்தில் நீங்கள் சொல்லும் பொய்யை வாசகர் நம்ப வேண்டுமானால், சின்ன விடயங்களில் நீங்கள் பிழைவிடக் கூடாது.

வயதானவர்களிடம் பேசுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதை நேரில் கண்டவர்கள் இன்று தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். எத்தனை விமானம் என்பது நூலகத்தில் கிடைக்கும். சனங்கள் ஊரை விட்டு ஓடும்போது எதைக் கையில் எடுத்தார்கள், அடுப்பில் என்ன கிடந்தது, மாட்டை அவிழ்த்துவிட்டார்களா என்பது அவர்களிடம் மட்டுமே கிடைக்கும். இந்த வருடமே போய்க் கேளுங்கள்.

எல்லோர் மனத்திலும் இருக்கும் விடயத்துக்கு வருகிறேன். போர், இடப்பெயர்வு, 2004 சுனாமி. இந்த மண்டபத்தில் அவற்றை எழுத விரும்பாதவர் குறைவு. எழுத வேண்டும். ஆனால் எடுத்தவுடனே எல்லாவற்றையும் ஒரே கதையில் எழுதப் போகாதீர்கள். ஒரு பொருளை எடுங்கள். வீடே இல்லாமற் போன பிறகும் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிற திறப்பு. முகாமில் இன்னொருவர் பெயரில் வந்த நிவாரண அட்டை. நனைந்து எழுத்தழிந்த அடையாள அட்டை. அந்தப் பொருளை விட்டுக் கதை வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவரின் துயரத்தை எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சின்ன ஊர் இது. ஆளை, தொழிலை, கிராமத்தை, உறவு முறையை மாற்றுங்கள். தம்பியை அண்ணனாக்கிய ஜேனின் அந்தக் கை கலைக்கு மட்டும் உதவுவதில்லை. சந்தியில் நாளைக்கு ஒரு தாய் தலைகுனியாமல் இருக்கவும் உதவும்.

இனித் திருத்தம். முதல் பிரதியை முடித்ததும் கட்டி மேசைக்குள் வையுங்கள். இரண்டு கிழமையாவது கிடக்கட்டும். பிறகு எடுத்து, முதல் பந்தியை மூடிக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாசியுங்கள். அனேகமாகக் கதை அங்கேதான் தொடங்கும். முதல் பந்தியில் நீங்கள் வானிலை அறிக்கை வாசித்திருப்பீர்கள். அதேபோல் கடைசிப் பந்தியையும் மூடிப் பாருங்கள். மேடைப்பேச்சுக்குப் பழகிய சமூகம் நாம், கதை முடிந்த பிறகும் ஒலிவாங்கியை விடமாட்டோம். “சமூகமே, நீ எப்போது திருந்துவாய்?” என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவோம். அந்தப் பந்தியை வெட்டுங்கள். “என்றான் சோகமாக”, “என்றாள் ஏளனமாக” என்பவற்றில் வாலை வெட்டி “என்றான்”, “என்றாள்” என்று மட்டும் விடுங்கள். பேச்சிலே ஏளனம் இருந்தால் வெளியே எழுதத் தேவையில்லை. இல்லாவிட்டால் எழுதியும் பயனில்லை.

எத்தனை தரம் திருத்துவது? அவசரம் வேண்டாம். நம்மோடு இந்த ஊரில் வாழ்ந்து 2021 இல் மறைந்த எழுத்தாளர் நந்தினி சேவியரின் முதல் சிறுகதைத் தொகுதி ‘அயற்கிராமத்தைச் சேர்ந்தவர்கள்’ 1993 இல் வந்தது. அடுத்த தொகுதி ‘நெல்லிமரப் பள்ளிக்கூடம்’ 2011 இல். இடையில் பதினெட்டு வருடம். குறைவாக எழுதினார், அந்தக் குறைவே இன்றும் நிற்கிறது. இதைச் சோம்பேறித்தனத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் எழுதுங்கள், குறைவாக வெளியிடுங்கள்.

வெளியிடுவது பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஏழெட்டுக் கதை சேர்ந்ததும் கடன்பட்டு முந்நூறு பிரதி அடித்து, மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, முதற்பிரதி கொடுத்து, மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைப்பது நம் வழக்கமாகிவிட்டது. அவசரப்படாதீர்கள். முதலில் சஞ்சிகைகளுக்கு அனுப்புங்கள். ‘மல்லிகை’யை டொமினிக் ஜீவா 1966 முதல் 2012 வரை நடத்தி, யாழ்ப்பாணத் தெருக்களில் கையிலே கொண்டுபோய் விற்றார். அது இன்று இல்லை. ஆனாலும் ‘ஞானம்’, ‘ஜீவநதி’ போன்றவை தலைமுறைகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. வாரப் பதிப்புகள் இருக்கின்றன, தமிழ்நாட்டுச் சிற்றிதழ்களும் புலம்பெயர்ந்தோர் இதழ்களும் இருக்கின்றன. தருமு சிவராம், பின்னாளில் பிரமிள் என்று பெயர் பெற்றவர், இருபது வயதை ஒட்டி இந்தத் துறைமுக நகரிலிருந்து தபாலில் அனுப்பியவைதான் சென்னையில் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் வந்தன. பரிந்துரைக்க ஆளில்லை, முத்திரை மட்டும்தான். இன்று உங்களுக்கு முத்திரைச் செலவும் இல்லை. கதை திரும்பி வந்தால் அதை இன்னொரு தரம் வாசியுங்கள். திருத்த இடமிருந்தால் திருத்துங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கே வேறிடத்துக்கு அனுப்புங்கள்.

உங்களுக்குள் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருதரம் கூடி, ஒருவருடைய கதையை மட்டும் வாசித்துப் பேசுங்கள். ஒரு விதி வையுங்கள்: எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. “நான் நினைத்தது என்னவென்றால்” என்று அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கதை தோற்றுவிட்டது என்று அர்த்தம். இன்னொரு விதி: “அருமை”, “சிறப்பு” என்ற சொற்களுக்குத் தடை. எந்த வரியில் கவனம் கலைந்தது, எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்று பக்கத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

நான் முடிக்கிறேன். இந்தப் பட்டறைக்கு வந்ததற்குச் சான்றிதழ் தருவார்கள், சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் சான்றிதழ் கதை எழுதாது. என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். வீட்டுக்குப் போகும் வழியில், லாஞ்சியிலோ பஸ்ஸிலோ சந்தையிலோ, ஒரு காரியத்தை அது தொடங்கி முடியும் வரை பாருங்கள். இன்று இரவே இரண்டு பக்கம் எழுதுங்கள், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். இரண்டு கிழமை கழித்து எடுத்து, அதிலிருந்து ஒன்றை நீக்குங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கேள்வி கொண்டுவர வேண்டாம், அந்த இரண்டு பக்கத்தைக் கொண்டுவாருங்கள்.